அரிய கருவிகளுக்கான லினக்ஸ் குறிப்புகள்: எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டதிலிருந்து, பழைய கணினிகளைக் கழித்துக்கட்டாமல் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம் என்ற யோசனை தமிழ் இதழ்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. நல்ல யோசனைதான், கடலூரிலும் புதுச்சேரியிலும் கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் உள்ள என்னைப் போன்றவர்கள் நெடுங்காலமாகவே வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லிவருகிறோம். ஆனால் அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் 'மற்ற விவரங்கள் இணையத்தில் கிடைக்கும்' என்ற இடத்தில் நின்றுவிடுகின்றன. அந்த மற்ற விவரங்களை எழுதுவது யார், அவை எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பரவலாக விற்பனையான கணினிகளைப் பொறுத்தவரை கவலைக்கு அதிக இடமில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து இங்கே வந்துசேரும் பழைய அலுவலக மடிக்கணினிகள், திங்க்பேட் ஆனாலும் லாட்டிட்யூட் ஆனாலும், உலகெங்கும் எண்ணற்றவர்களின் கையில் இருப்பவை. அவற்றைப் பற்றிய குறிப்பில் ஒரு தவறு இருந்தால் யாராவது ஒருவர் அதில் இடறி, அதைத் திருத்திவிட்டுத்தான் போவார். ஓரிரு ஆண்டுகள் மட்டும் சந்தையில் இருந்துவிட்டுக் காணாமற்போன டேப்லெட்கள், வங்கிகளும் அழைப்பு மையங்களும் கழித்துவிட்ட தின் கிளையன்ட்கள் (சர்வரை நம்பி இயங்கும் சிறு கணினிகள்), பொறியியல் மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக வாங்கும் அதிகம் அறியப்படாத ஒற்றைப்பலகைக் கணினிகள் ஆகியவற்றுக்கு அந்த வசதி கிடையாது. எங்கோ ஒருவர் தம் சொந்தத் தேவைக்காக முட்டி மோதி அந்தக் கருவியில் லினக்ஸை ஓடவைத்து, அடுத்தவர் சிரமப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஒரு பக்கம் எழுதிவைக்கிறார். கருவி ஓடத் தொடங்கியதும் அவருக்கு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரக் காரணம் இல்லாமற்போகிறது. லினக்ஸின் மையக்கருவான கெர்னலோ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கெர்னலுடன் பிற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் டெபியன் போன்ற வழங்கல்கள் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. எழுதிய நாளில் முழுவதும் சரியாக இருந்த பக்கம், யாரும் தொடாமலேயே தவறான பக்கமாகிவிடுகிறது.

இதை ஒரு கருவியை வைத்தே விளக்குகிறேன். 2014, 2015 வாக்கில் இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் என்ற சில்லுடன், 2 ஜிபி நினைவகமும் 32 ஜிபி சேமிப்பகமும் கொண்ட, கீபோர்டைக் கழற்றி மாட்டக்கூடிய மலிவு விலை டேப்லெட்கள் பல நிறுவனப் பெயர்களில் விற்பனையாயின. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பல வீடுகளில் அவை இன்றும் பரண்மேல் கிடக்கின்றன. பாடம் படிக்கவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் இன்றைக்கும் அவை போதும். இந்தச் சில்லு 64 பிட் வகை. ஆனால் கருவிக்குள்ளேயே பதிந்திருந்து அதைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் 32 பிட்டாக அமைந்துவிட்டது. ஆகவே 32 பிட் தொடக்கக் கோப்பு இல்லாத 64 பிட் லினக்ஸின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் எழுதிச் செருகினால், பூட் பட்டியலில் அந்தப் பென் டிரைவ் தலைகாட்டுவதே இல்லை. இதற்கான வழி 2014இல் வெளியான கெர்னல் 3.15இலேயே வந்துவிட்டது, டெபியன் 2015இல் வெளியிட்ட 8ஆம் பதிப்பில் நிறுவல் நிரலே இதைக் கவனித்துக்கொண்டது. மற்ற வழங்கல்களில், பென் டிரைவிலுள்ள இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட்ஐஏ32.இஎஃப்ஐ என்ற கோப்பைச் சேர்ப்பதே முதற்படி. இந்த ஒரு வரியைச் சொல்லாமல், 'செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யவும்' என்று மட்டும் சொல்லும் குறிப்புகளே ஏராளம். அவற்றை நம்பியவர் பென் டிரைவை மாற்றிப் பார்க்கிறார், ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கிப் பார்க்கிறார், கடைசியில் இந்தக் கருவிக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று முடிவுகட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்.

அதைத் தாண்டி வந்தவருக்கு அடுத்த தடை வைஃபை. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் இருப்பது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஎஸ் சில்லு. தொடக்கத்தில் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெர்னலுக்குள் இல்லாததால், மூலநிரலைத் தனியே இறக்கி, கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி), நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காலத்துக் குறிப்புகள் அந்த வழியைத் தெளிவாகவே சொல்கின்றன. 2017இல் வந்த கெர்னல் 4.12இல் அந்த டிரைவர் சேர்க்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு வேண்டியதெல்லாம் வைஃபை சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு மட்டுமே. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, 2023இல் வெளியான டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர்களும் அதிகாரபூர்வ நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே வந்துவிடுகின்றன. ஆயினும் தேடினால் முதலில் கண்ணில் படுவது பழைய குறிப்புத்தான். பழைய மூலநிரல் புதிய கெர்னலில் கம்பைல் ஆகாது. ஏனெனில் கெர்னலின் உள் இடைமுகங்கள் காலப்போக்கில் மாறிவிட்டன. திரை முழுவதும் பிழைச்செய்திகள் ஓடும்போது, ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் வைஃபை தானாகவே வேலை செய்திருக்கும் என்பதைப் புதியவர் எப்படி அறிவார்? எழுதியவர் மேல் குற்றமில்லை. அவர் சோதித்த கெர்னலின் எண்ணும், சோதித்த தேதியும் அந்தப் பக்கத்தின் தலைப்பில் இருந்திருந்தால், படிப்பவர் நொடியில் விலகிப் போயிருப்பார்.

மாடல் பெயரை நுணுக்கமாகக் குறிப்பிட வேண்டியதற்கும் இதே கருவிகள் சான்று. இவற்றின் தொடுதிரைக்கான அளவுகளும் திசையும் கருவிக்குக் கருவி வேறுபடுவதால், கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்து, தொடக்க ஃபர்ம்வேரான பயாஸ் தரும் உற்பத்தியாளர் பெயரையும் மாடல் பெயரையும் ஒப்பிட்டுத்தான் எந்த அளவைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். மலிவுக் கருவிகள் பலவற்றில் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்', அதாவது உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது, என்ற வாசகம் அப்படியே விடப்பட்டிருக்கும். அப்போது பயாஸின் பதிப்பையும் அதன் தேதியையும் கொண்டுதான் கருவியை அடையாளம் காண முடியும். கெர்னல் உருவாக்குநர்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, '10 அங்குல டேப்லெட்டில் தொடுதிரை வேலை செய்கிறது' என்று ஒருவர் எழுதி முடித்துவிட்டால் அது யாருக்கு உதவும்?

இன்னொரு வகைக் குறை, காரணம் சொல்லாமல் கட்டளையை மட்டும் சொல்வது. மேற்சொன்ன ஆட்டம் குடும்பச் சில்லுகளில் கணினி திடீரென்று உறைந்துபோகும் சிக்கல் நெடுநாள் இருந்தது. கெர்னலுக்கு 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்ற அளவுருவைக் கொடுத்தால் அது நிற்கும் என்று கண்டறிந்தார்கள்; சில்லை ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவிடாமல் தடுப்பதே அந்த அளவுருவின் வேலை. அதனால் பேட்டரி சீக்கிரம் தீரும், கருவி சூடாகும். தற்காலிக ஏற்பாடாகச் சொல்லப்பட்ட அது, உறைதலுக்கான திருத்தங்கள் கெர்னலுக்குள் பின்னர் வந்த பிறகும், பக்கத்திலிருந்து பக்கத்துக்கு ஒட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிக்கலே இல்லாத வேறு சில்லுகளுக்கான குறிப்புகளிலும் புகுந்துவிட்டது. எதற்காக, எந்தக் கெர்னல் வரை, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது. காரணம் தெரியாமல் தரப்படும் கட்டளையை யாராலும் பாதுகாப்பாக நீக்க முடியாது என்பதால், இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

ஒற்றைப்பலகைக் கணினிகளின் விஷயத்தில் குறிப்பின் தரம் பொருள் இழப்பாகவே முடியக்கூடும். திரையில் ஒன்றும் வராதபோது சீரியல் கன்சோல், அதாவது ஒயர் வழியான எழுத்துத் தொடர்பு, மூலம் பலகையுடன் பேச வேண்டியிருக்கும். இத்தகைய பலகைகளில் பெரும்பாலானவற்றின் சீரியல் பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட்டைத் தாங்கா. கணினியின் யுஎஸ்பியை இந்தப் பின்களுடன் இணைக்க, கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி-டிடிஎல் மாற்றிகளில் 3.3, 5 என இரண்டையும் மாற்றிக்கொள்ள ஒரு ஜம்பர் இருக்கும். 'டிஎக்ஸை ஆர்எக்ஸுடனும், ஆர்எக்ஸை டிஎக்ஸுடனும், கிரவுண்டைக் கிரவுண்டுடனும் இணைக்கவும்' என்று சொல்லும் குறிப்பு, மாற்றியை 3.3 வோல்ட்டில் வைக்க வேண்டும், மின்சார ஒயரை இணைக்கக் கூடாது என்பதைச் சொல்லாவிட்டால், மாணவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பலகை முதல் நாளே போய்விடலாம். ஆல்வின்னர் நிறுவனத்தின் சில்லு கொண்ட பலகைகளில், கெர்னலைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரை எஸ்டி கார்டின் 8ஆவது கிலோபைட்டிலிருந்து எழுத வேண்டும். அதற்கான கட்டளையில் டிஸ்க்கின் பெயர் ஓர் எழுத்து மாறினால், எழுதிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் சொந்தத் தரவே அழிந்துவிடும். 'உங்கள் எஸ்டி கார்டின் பெயரை முதலில் இவ்வாறு சரிபார்க்கவும்' என்ற வரி இல்லாத பக்கத்தை அரைகுறையானது என்றே சொல்வேன்.

இவ்வளவும் சொன்னது தன்னார்வலர்களைக் குறைகூற அல்ல. ஊதியம் ஏதுமின்றி அவர்கள் எழுதிவைத்திராவிட்டால் மேற்சொன்ன ஒரு கருவியையும் நம்மால் தொட்டிருக்கவே முடியாது. அவர்களிலேயே சில குழுக்கள் இந்தக் குறைகளுக்கு நல்ல வழிகளையும் கண்டிருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் பின்பற்றவில்லை என்பதே என் ஆதங்கம். ஆல்வின்னர் சில்லுகளுக்காக இயங்கும் லினக்ஸ்-சன்ஷி விக்கியில், ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் அதை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. மூடியைக் கழற்றினால் சர்க்யூட் போர்டின் மேல் என்ன எழுத்துகள் அச்சாகியிருக்கும் என்பது வரை அங்கே எழுதியிருப்பார்கள். வெளிக்கூடு ஒன்றாகவும் உள்ளே போர்டும் வைஃபை சில்லும் தொடுதிரையும் வெவ்வேறாகவும் வந்த 7 அங்குல டேப்லெட்கள் சந்தையை நிறைத்திருந்த காலத்தில் உருவான பழக்கம் அது. நம் நாட்டு மாணவர்களுக்காக 2012இல் வந்த ஆகாஷ் 2 டேப்லெட்டும் ஆல்வின்னர் ஏ13 சில்லில் இயங்கியதுதான்.

பழைய கைபேசிகளில் லினக்ஸை இயக்கும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம், ஒவ்வொரு கருவிக்கும் கேமரா, ஒலி, அழைப்பு, வைஃபை என்று தனித்தனியே வரிசையிட்டு, வேலை செய்கிறது, ஓரளவு வேலை செய்கிறது, வேலை செய்யவில்லை, சோதிக்கப்படவில்லை என்று நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. கடைசி இரண்டையும் வேறுபடுத்துவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ப்ளூடூத்தைப் பற்றி ஒரு பக்கம் வாய் திறக்காமல் இருந்தால், எழுதியவர் அதை முயன்று தோற்றாரா, அல்லது அவரிடம் ப்ளூடூத் ஹெட்செட்டே இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. முயன்று தோற்றதை எழுதிவைப்பது பின்னால் வருபவரின் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். ஆப்பிளின் எம்1 வகைச் சில்லுகளில் லினக்ஸை இயக்கும் அசாஹி திட்டம், ஒவ்வொரு வசதியும் எந்தக் கெர்னல் பதிப்பில் சேர்ந்தது என்று மாடல் வாரியாக அட்டவணை போட்டுவைத்திருக்கிறது. டெபியன் விக்கியும் மாடலையும் டெபியன் பதிப்பையும் சேர்த்தே பக்கங்களை அமைக்கும் வழக்கம் கொண்டது. இவை எதற்கும் பெரிய பொருட்செலவு தேவைப்படவில்லை. படிவம் ஒன்றை ஒழுங்காக வகுத்து, அதை எல்லோரும் நிரப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டுமே தேவைப்பட்டது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணியம் இதழ் வழியாகவும், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் வழியாகவும் லினக்ஸ் பற்றிய அறிமுகம் தமிழில் நிறையவே கிடைக்கிறது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அரிய கருவி ஒன்றுக்கான ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கி வேறிடத்தில் வெளியிடும்போது, மூலப் பக்கம் பின்னர் திருத்தப்பட்டாலும் தமிழ்ப் பக்கம் பழையபடியே நின்றுவிடுகிறது. மூலத்தின் எந்தத் தேதியிட்ட வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தமிழ்ப் பக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதுவதும், செய்துபார்த்துக் கண்ட திருத்தங்களை முதலில் மூலப் பக்கத்தில் சேர்ப்பதும் வழக்கமாக வேண்டும். செய்முறை வீடியோக்களும் பயனுள்ளவைதாம். ஆனால் நடுவில் ஒரு கட்டளை காலாவதியாகிவிட்டால் வீடியோவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். பரவலான கருவிகளுக்கு அவை ஓரளவு சரியாகவே சொல்கின்றன. அரிய கருவிகளுக்கோ, வேறு மாடலுக்கான படிகளையும் பழைய கெர்னலுக்கான படிகளையும் கலந்து, ஐயத்தின் சாயலே இல்லாமல் தந்துவிடுகின்றன. மூலக் குறிப்புகளிலேயே மாடலும் தேதியும் இல்லாதபோது அவற்றிலிருந்து திரட்டிய விடையில் அந்த வேறுபாடு எங்கிருந்து வரும்?

இங்கே உள்ளூரில் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் குறைவில்லாமல் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் ஏற்கெனவே பலர் செய்த ப்ராஜெக்டையே மறுபடி செய்வதைவிட, அரிய கருவி ஒன்றையும் அதற்கான குறிப்பையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் இன்றைய பதிப்பில் செய்துபார்த்து, மாடல், பயாஸ் பதிப்பு, கெர்னல் எண், தேதி ஆகியவற்றுடன் விக்கியில் திருத்தி எழுதுவதை மதிப்பெண்ணுக்குரிய பணியாக ஏற்கலாம். இதற்குத் தேவை இனிமேல்தான் கூடப்போகிறது. சென்னை ஐஐடியின் சக்தி, மத்திய அரசு நிறுவனமான திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா ஆகிய, ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டற்ற வடிவமைப்பு முறையில் அமைந்த சில்லுத் திட்டங்களுக்கு ஊக்கம் தரும் டிஐஆர்-வி திட்டத்தை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட முதல் டெபியன் பதிப்பு. ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் பலவற்றுக்கு, உற்பத்தியாளர் தரும் பழைய கெர்னலோடு கூடிய ஐஎஸ்ஓவும் நான்கு வரிக் குறிப்புமே கிடைக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்ப நம் மாணவர்களால் முடியும்.

மற்றொன்று அரசின் கையில் உள்ளது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்த்துத் தரப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தியாளரும் உள்ளிருக்கும் வைஃபை சில்லும் மாறியதால், ஒரே திட்டத்தின் மடிக்கணினிகளுக்கு ஒரே குறிப்புப் பொருந்துவதில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ஈராண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கொள்முதல் செய்யும் ஒவ்வொரு மாடலுக்கும் வைஃபை, ஒலி, கேமரா, திரை ஆகியவற்றின் சில்லுப் பெயர்களையும், அவை எந்தக் கெர்னல் பதிப்பில் சோதிக்கப்பட்டன என்பதையும் ஒரு பக்கத் தாளாக அரசு வெளியிட்டால், ஆதரவுக் காலம் முடிந்த பின்னும் அந்தக் கருவிகளை இயங்கவைக்கும் குறிப்புகளுக்கு அதுவே உறுதியான அடித்தளமாகும்.

அந்தத் தாள் அச்சிலும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதற்கு எங்கள் ஊரின் அனுபவமே காரணம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்கள் கடற்கரையைத் தாக்கியபோது மாவட்டத்தின் பெரும்பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மழை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. நனைந்த கணினிகளும் கெட்டுப்போன டிஸ்க்குகளும் கடைகளில் குவிவது இத்தகைய நாட்களில்தான். இணையம் தடைப்படுவதும் அப்போதுதான். கெர்னலின் ஆவணங்கள் மூலநிரலுடனேயே வருகின்றன; டெபியனின் நிறுவல் கையேட்டையும் ஒரு தொகுப்பாகக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் குறிப்பிட்ட கருவிக்கான விக்கிப் பக்கம் அப்படிக் கையில் இருப்பதில்லை. ஆகவே அரிய கருவி ஒன்றில் லினக்ஸ் நிறுவித் தரும்போதெல்லாம், நான் சரிபார்த்த பக்கத்தைத் தேதியுடன் அச்செடுத்து, அந்தக் கருவியின் உறைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறேன். பிற தொழில்முறை நண்பர்களும் இதைச் செய்யலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கணினிப் பகுதியில் லினக்ஸ் நிறுவல் பற்றிய செய்முறைக் குறிப்பு எதை வெளியிட்டாலும், அது சோதிக்கப்பட்ட கருவியின் முழு மாடல் பெயர், வழங்கலின் பதிப்பு எண், கெர்னல் எண், சோதித்த தேதி ஆகிய நான்கையும் குறிப்பின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். வாசகர் அதைச் செய்துபார்த்து வேறு முடிவு கண்டு எழுதினால், அந்தத் திருத்தத்தை அடுத்து வரும் இதழ் ஒன்றில் அதே இடத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.